வேடிக்கைச் சமையலும் கத்தரிக்காய்க் காம்பும்

திருவண்ணாமலையில் வசிப்பவர்கள் வாக்குவாதத்துக்கு வெட்கப்பட வேண்டிய அவசியமில்லை. இந்த க்ஷேத்திரமே ஒரு வாக்குவாதத்தில் பிறந்ததுதான். பிரம்மாவும் விஷ்ணுவும் யார் பெரியவர் என்று சண்டையிட்டார்கள். நடுவில் ஜோதி ஒன்று எழுந்தது. அதன் அடியைத் தேடி ஒருவரும் முடியைத் தேடி மற்றவரும் புறப்பட்டார்கள். வழியில் அகப்பட்ட தாழம்பூ தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லிப் பூஜைக்கு உதவாமற் போயிற்று என்பது ஸ்தல புராணம். ஆகையால் நமது வீட்டிலும் அண்டை வீடுகளிலும் ஒரு சமையல் நிபுணரைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டானபோது நாம் ஆச்சரியப்படவில்லை. தாழம்பூவின் ஞாபகந்தான் வந்தது. இரண்டு கட்சியாரிலும் அந்த நிபுணர் சமைத்ததில் ஒரு கவளம் வாயில் போட்டவர் ஒருவர்கூட இல்லை!

நிபுணரின் பெயர் ஹெஸ்டன் புளூமெந்தால். இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கேயுள்ள பிரே என்னும் கிராமத்தில், 1995-ஆம் வருஷம் ஒரு பழைய மதுக்கடையை வாங்கிப் போஜனசாலையாக மாற்றினார். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'கொழுத்த வாத்து' என்று வரும். 2004-இல் அந்த வாத்துக்கு மிஷலின் நட்சத்திரங்கள் மூன்று கிடைத்தன. அதற்கு மேல் கொடுப்பதற்கு மிஷலின்காரர்களிடம் நட்சத்திரம் கிடையாது. இவ்வளவு கௌரவம் எதற்கென்று கேட்டால், நத்தை போட்ட ஓட்ஸ் கஞ்சிக்கும், பன்றி இறைச்சியும் முட்டையும் கலந்த ஐஸ்கிரீமுக்கும்! அந்த ஐஸ்கிரீம் செய்வதைப் பார்க்க வேண்டும். மேஜைக்கு அருகில் வாணலியை வைத்து முட்டையை உடைத்து ஊற்றுகிறார்கள். கீழே நெருப்பில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்ந்த திரவ நைட்ரஜனை ஊற்றிக் கிளறுகிறார்கள். வெண்புகை மேஜையெல்லாம் வழிகிறது. புகை கலைந்ததும் பார்த்தால், முட்டைப் பொரியலைப் போன்ற ஐஸ்கிரீம் வாணலியில் இருக்கிறது. இன்னொரு பதார்த்தத்தைச் சாப்பிடும்போது சங்கு ஒன்றைக் கையில் கொடுத்து, அதனுள் வைத்த கருவியின் மூலம் கடலலைச் சத்தத்தைக் காதில் கேட்கச் செய்கிறார்கள். கடல் மீனைக் கடலோசையோடு சாப்பிட்டால் ருசி கூடுமாம்.

இந்த அற்புதங்களையெல்லாம் அவர் டெலிவிஷனிலும் செய்து காட்டினார். 2009-இல் பிரிட்டனின் சானல் 4-க்காகப் பழங்கால விருந்துகளை ஒவ்வொன்றாகப் புதுப்பித்துப் படைத்தார். பல வருஷங்கள் கழித்து அந்தத் துணுக்குகளைக் கைபேசியில் கண்டெடுத்துச் சுவரிலுள்ள பெரிய திரைக்கு மாற்றி நம் வீட்டுக் கூடத்தில் அரங்கேற்றியவன், ஒன்பதாம் வகுப்பு வாசிக்கும் நம் பையன்.

அன்றைக்கு வந்த பதார்த்தம் 'மாம்சப் பழம்' என்பது. தட்டில் அழகான கமலா ஆரஞ்சு ஒன்று இருக்கிறது. தோலில் புள்ளிகள், காம்பு, இலை எல்லாம் தத்ரூபம். கத்தியை வைத்து நறுக்கினால் உள்ளே சுளை இல்லை. அரைத்துப் பக்குவம் செய்த கோழி ஈரல்!

நம் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. பரம்பரைச் சைவம்.

"அடப்பாவி! பழம்னு நம்பிக் கையில எடுத்தவன் கதி என்னடா?" என்றார்.

"பாட்டி, நீங்க மட்டும் வாழைக்காயை மீன் மாதிரி வறுத்துப் போடலையா?" என்றான் பையன்.

"வாழைக்காயை மீன்னு நெனச்சுத் தின்னா ஒருத்தருக்கும் பாவம் இல்லை. ஈரலைப் பழம்னு நெனச்சுத் தின்னா?"

இதற்குப் பையனிடம் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஆசிரியர் உதவிக்கு வந்தார். ரசாயனம் போதித்து ஓய்வு பெற்றவர். பேச்சுக்கு ஓய்வு கொடாதவர். சமையல் என்பதே ரசாயனந்தான் என்பது அவர் கட்சி. ஆக்ஸ்போர்டில் பௌதிகப் பேராசிரியராயிருந்த நிக்கலஸ் குர்ட்டி 1969-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சமையலைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார் என்றும், வெளியே உறைந்தும் உள்ளே சூடாகவும் இருக்கும் பலகாரம் ஒன்றை மைக்ரோவேவ் அடுப்பினால் செய்து காட்டினார் என்றும், இந்தப் புளூமெந்தால் அந்த வழியில் வந்தவர் என்றும் விஸ்தாரமாக எடுத்துரைத்தார். பிறகு நம் தாயாரின் பக்கம் திரும்பி, "அம்மா, மிளகாயே நம்ம ஊர்ச் சரக்கில்லை. போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. அதை முதல் முதல் குழம்பில் போட்டவளை அவள் மாமியார் என்ன சொல்லியிருப்பாள்?" என்று கேட்டார். ரவா இட்லியையும் சாட்சிக்கு இழுத்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் அரிசி கிடைக்காமற் போன காலத்தில் ரவையைக் கொண்டு அதை உண்டாக்கியவர்கள் தாங்களே என்று பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்ஸ்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

நம் இல்லத்தரசி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "இத்தனை பாத்திரத்தையும் கழுவறது யாரு? அதை மட்டும் காட்ட மாட்டேங்கிறாங்களே!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவு சத்தத்தில் அதை யாரும் காதில் வாங்கவில்லை. நாம் வாங்கிக்கொண்டோம்.

நம் தமிழ் டெலிவிஷனும் இந்தத் துறையில் பின்தங்கிவிடவில்லை. விஜய் தொலைக்காட்சியில் 2019 நவம்பரில் ஆரம்பமான 'குக்கு வித் கோமாளி'யை அறியாத வீடு நம் தெருவில் இல்லை. சமையல் தெரிந்த ஒருவரோடு சமையல் தெரியாத கோமாளி ஒருவரை ஜோடி சேர்த்து அடுப்படிக்கு அனுப்புவார்கள். தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக இருந்து சுவைத்துத் தீர்ப்பளித்தார்கள். கொரோனாவில் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாட்களில் அந்தச் சிரிப்பு எத்தனை பேருக்கு மருந்தாயிருந்தது என்பதை நாம் அறிவோம். 2024-இல் பட் விலகி, சன் தொலைக்காட்சியில் அதே மாதிரியான வேறொரு நிகழ்ச்சிக்குப் போனபோது, மாட வீதியில் ஏதோ மந்திரிசபை கவிழ்ந்துவிட்டதுபோல் பேசிக்கொண்டார்கள். அதிலும் சமைத்ததைச் சுவைத்தவர்கள் நடுவர்கள்தான். நமக்குக் கிட்டியது அவர்களுடைய முகபாவம்!

பிறர் சமைப்பதை வேடிக்கை பார்ப்பது நம் தேசத்தில் நேற்று உண்டான வழக்கமன்று. நளன் உருமாறி, வாகுகன் என்ற பெயரோடு விதர்ப்ப தேசத்துக்கு வந்தபோது, தமயந்தி தன் தோழி கேசினியை அவன் சமைப்பதைப் பார்த்து வரும்படி அனுப்பினாள். வெறும் குடத்தை அவன் நோக்கினால் தண்ணீர் நிரம்புகிறது. புல்லைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் பற்றிக்கொள்கிறது. பூவைக் கசக்கினால் வாடாமல் மணக்கிறது. இதையெல்லாம் கேசினி வந்து சொன்னாள். இதைவிடப் பெரிய சமையல் வேடிக்கை எந்தச் சானலில் உண்டு? இருந்தும் தமயந்தி அதோடு திருப்தி அடையவில்லை. அவன் சமைத்ததில் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி வாயிலிட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் இவன் நளனே என்று தெளிந்தாள்.

இவ்வளவும் கூடத்துச் சச்சரவாகவே முடிந்திருக்கும், 2024-ஆம் வருஷத்துக் கோடையில் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வராமல் இருந்தால். பெண்ணுக்குத் தகப்பனார் நமக்கு நெருங்கியவர். கோயிலில் தாலி கட்டி மண்டபத்தில் விருந்து என்று ஏற்பாடு. சமையல் காண்டிராக்டர் ஜாபிதாவைப் படித்துக்கொண்டே வந்தார். பூண்டு அல்வா என்றார், ஒருவாறு சகித்துக்கொண்டோம். பிறகு குழந்தைகளுக்கென்று 'புகை பிஸ்கட்' கவுண்டர் ஒன்று என்றார். வாயில் போட்டால் மூக்காலும் வாயாலும் புகை வரும். பிள்ளைகள் விடவே மாட்டார்கள். பெரிய பெரிய நிபுணர்களெல்லாம் டெலிவிஷனில் இதைத்தான் செய்கிறார்கள் என்று வர்ணித்தார். பெண்ணின் மாமன்மார்களுக்கு மிகுந்த குதூகலம். நமக்கு வாணலியில் வழிந்த அந்த வெண்புகை கண்ணெதிரே வந்தது.

ரசாயன ஆசிரியரிடமே போய்க் கேட்டோம். அன்றைக்கு அவர் கட்சி பேசவில்லை. நைட்ரஜன் நாம் சுவாசிக்கும் காற்றிலே முக்காலே வீசத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பதுதான், அது விஷமன்று. ஆனால் திரவமாக உள்ளே போனால் பட்ட இடத்தை நெருப்பைப்போல் பொசுக்கும். வயிற்றில் ஆவியாகும்போது ஏறக்குறைய 700 மடங்கு விரியும். பிரே கிராமத்தில் அது ஆவியாகிப் போன பிறகே கரண்டியை நீட்டுகிறார்கள். கண்காட்சியில் கோப்பையில் பிஸ்கட்டைப் போட்டு ஊற்றி அப்படியே நீட்டுகிறவன் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த ஏப்ரல் மாதந்தான் கர்நாடகத்துத் தாவணகெரேயில் இப்படிப்பட்ட பிஸ்கட் தின்ற சிறுவன் ஒருவன் வலியால் துடித்த காட்சி எங்கும் பரவி, தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையினர் திரவ நைட்ரஜனை உணவோடு நேரே உண்ணக் கொடுக்கக் கூடாதென்று எச்சரித்திருந்தார்கள். பெங்களூரில் கல்யாண வீட்டில் புகை பீடா தின்ற பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு வயிற்றில் துவாரம் விழுந்து அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்த செய்தியும் பத்திரிகைகளில் வெளியாயிற்று.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். புளூமெந்தாலின் போஜனசாலையிலேயே 2009-இல் ஐந்நூறு பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள். கடையைச் சில வாரம் மூட நேர்ந்தது. காரணம் நைட்ரஜன் அன்று. மனிதன் ஆதிகாலம் முதல் தின்றுவரும் கடற்சிப்பியின் வழியே வந்த நோரோவைரஸ் என்று கண்டார்கள். விசித்திரமானது எல்லாம் ஆபத்தென்றோ, பழகியதெல்லாம் க்ஷேமமென்றோ சொல்லிவிட முடியாதென்று ஆசிரியர் இதை நமக்கு இரண்டு தரம் சொன்னார்.

மாமன்மார்களை இந்த ரசாயனம் அசைக்கவில்லை. நம் தாயார்தான் காண்டிராக்டரைக் கூப்பிட்டு, "தம்பி, உன் பிள்ளைக்கு இதைக் கொடுத்திருக்கியா?" என்று கேட்டார். அவர் சிரித்தார், தம் பிள்ளை சின்னவன் என்றார். "இங்க வர்றதும் சின்னப் பிள்ளைங்கதானே?" என்றார் தாயார். கவுண்டரில் பஞ்சுமிட்டாய் வைத்தார்கள். மாமன்மார்களில் ஒருவர் இன்றுவரை நம்மோடு சரியாகப் பேசுவதில்லை.

விசித்திரச் சமையல் பிரேயிலும் பெங்களூரிலுந்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், நம் ஊர்ச் செங்கம் சாலையில் கொஞ்ச தூரம் நடக்கவேண்டும். ரமண மகரிஷி 1896-இல் இவ்வூருக்கு வந்தவர், 1950-இல் மறையும் வரையில் இம்மலையை விட்டு அகலவில்லை. மௌனத்துக்குப் பெயர் பெற்ற அந்த மகான் அடுப்படியில் கைதேர்ந்தவர் என்பது வெளியூரார் பலருக்குத் தெரியாது. பல வருஷங்கள் விடியுமுன்பே எழுந்து ஆசிரமத்துச் சமையலறையில் காய் நறுக்கினார், அரைத்தார், கிளறினார். விரூபாக்ஷ குகையில் இருந்த நாளில் பிக்ஷையாக வந்த சோற்றையும் குழம்பையும் ஒன்றாய்க் கலந்து, உப்புக்கூட இல்லாமல் உண்டு பழகியவர்தான் பிற்பாடு இப்படி ஆனார். ஆசாரமான தாயார் வெங்காயத்தைத் தொடமாட்டார் என்பதற்காக அவரைப் பரிகாசம் செய்ததும் உண்டு.

ஆசிரமத்துச் சமையலில் இருந்த சம்பூர்ணம்மாள் சொல்லிவைத்திருக்கும் சம்பவம் ஒன்று. யாரோ ஏராளமாகக் கத்தரிக்காய் அனுப்பினார்கள். நாள் தவறாமல் கத்தரிக்காய் சமைத்ததில் காம்புகள் மட்டும் மூலையில் குவிந்துவிட்டன. அவற்றைக் கறி செய்யச் சொன்னார் மகரிஷி. மாடும் தின்னாத வஸ்துவாயிற்றே என்று அம்மாளுக்குத் திகைப்பு. காய்ந்த பட்டாணியோடு சேர்த்து அடுப்பில் ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கொதித்தும் காம்பு காம்பாகவே இருந்தது. மகரிஷி வந்து எப்படியிருக்கிறதென்று விசாரித்தபோது, வேகவைப்பது கறியல்ல, இரும்பாணி என்று அம்மாள் சிரித்துக்கொண்டே முறையிட்டாராம். அவர் ஒன்றும் பேசாமல் கரண்டியால் ஒருதரம் கிளறிவிட்டுப் போனார். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் காம்பு வெந்திருந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள். இது என்ன காய், சொல்லுங்கள் பார்க்கலாம் என்று அவர் கேட்க, ஒருவருக்கும் தெரியவில்லை. தமக்குப் பரிமாறிய கொஞ்சத்தை மருந்துபோல் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, இரண்டாந்தரம் வேண்டாமென்று விட்டாராம்.

கரண்டியின் மகிமையா, ஆறு மணி நேரத்தின் மகிமையா என்பதில் பக்தர்களுக்கும் ரசாயன ஆசிரியருக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. ஆசிரியர் பிரஷர் குக்கரின் பக்கம்.

கல்யாண அமளியெல்லாம் ஓய்ந்த பிறகு இந்தச் சங்கதியை வீட்டில் சொன்னோம். ஒரு வாரத்துக் காம்புகளை இல்லத்தரசி எறியாமல் சேர்த்து வைத்தாள். முள்ளைச் சீவி, நீளவாக்கில் பிளந்து, ஊறவைத்த பட்டாணியோடு குக்கரில் போட்டுப் பன்னிரண்டு விசில் விட்டாள். பிறகு தேங்காயும் சோம்பும் அரைத்து விட்டுச் சுண்டவைத்தாள். தாயார் முதலில் ஒரு காம்பை எடுத்துப் பல் இல்லாத பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேசாமல் இன்னொன்று எடுத்துக்கொண்டார். "ருசியெல்லாம் சரி அத்தை, இதுக்குப் போன காஸுக்கு நாலு கிலோ கத்தரிக்காயே வாங்கிடலாம்" என்றாள் இல்லத்தரசி. பையன் இதைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டவேண்டுமென்று கைபேசியைத் தேடிக்கொண்டு மாடிக்கு ஓடினான். அவன் இறங்கி வருவதற்குள் ஆசிரியர் பாத்திரத்தைக் காலி செய்திருந்தார்.