ஒட்டுவதும் நிலைப்பதும்

பழைய சுவரில் புதுச் சாந்து பூச வரும் கொத்தனார், எடுத்த எடுப்பில் சாந்தைத் தொடுவதில்லை. தூசி தட்டுவார், வழவழப்பான இடங்களைக் கொத்திவிடுவார், பின்னர் நீர் தெளிப்பார். அதன் பிறகே கரணை சாந்தில் இறங்கும். செஞ்சிவாசிகளுக்கு இது புதிதன்று. 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற எங்கள் கோட்டையில், சுண்ணாம்புச் சாந்து நூற்றாண்டுகளாய் நிற்கும் இடங்களும் உண்டு. நீர் புகுந்து பெயர்ந்த இடங்களும் உண்டு.

பல்லில் ஒட்டும் அடைப்புக்கும் இதே நியாயந்தான் என்பதை என் தாயாரின் பல் எனக்குக் கற்பித்தது. செங்கற்பொடியாலும் கரித்தூளாலும் பல் துலக்கிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். எழுபத்திரண்டு வயதில் ஈறோரம் பல் தேய்ந்து பள்ளமாகி, தண்ணீர் பட்டாலே கூசியது. "பிடுங்கிவிட்டால் நிம்மதி" என்றனர் உறவினர். எஞ்சியிருந்தவையோ சில பற்களே. மென்று உண்ணும் இன்பத்தை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை. பல்லின் நிறத்திலேயே அடைக்கச் செய்தோம். நான்காம் மாதம் அது சோற்றோடு வந்து விழுந்தது.

அடுத்துப் பார்த்த பல் மருத்துவர் அம்மையார் எவரையும் குறை கூறாமல், ஒட்டும் முறையைப் பொறுமையாக விளக்கினார்.

பல்லின் மேலோடான எனாமலில், எடைக்கணக்கில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருள். வண்ணம் பூசுமுன் உலோகத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பக்குவப்படுத்தும் தொழிற்சாலை வழக்கத்தை, 1955இல் அமெரிக்கரான மைக்கேல் புவோனோகோர் பல்லுக்குக் கொண்டுவந்தார். அமிலம் எனாமலில் நுண்குழிகளை உண்டாக்கும். அவற்றுள் திரவப் பிசின் இறங்கி இறுகி, வேர்விட்டதுபோல் பற்றிக்கொள்ளும். கொத்தனார் சுவரைக் கொத்துவதும் இதற்காகவே.

உள்ளிருக்கும் டென்டின் வேறு இயல்புடையது. அதில் நீரும் கொலாஜன் என்னும் புரத இழைகளும் உண்டு. அமிலம் தாதுவைக் கரைத்ததும் அவ்விழைகள் வலைபோல் நிற்கும். பிசின் அந்த வலைக்குள் ஊறி இறுகுவதால் உண்டாகும் கலப்படுக்கையை 1982இல் ஜப்பானிய அறிஞர் நகபயாஷி விளக்கினார். மிகையாக உலர்த்தினால் வலை சுருங்கிப் படுத்துவிடும். ஈரம் மிகுந்தால் பிசின் நீர்த்துப்போகும். பிசின் எட்டாத இழைகளை, நீரும் டென்டினிலேயே உறங்கிக் கிடந்து அமிலத்தால் விழித்தெழும் நொதிகளும் நாளடைவில் அரித்துவிடும். பல்லின் கால்சியத்தோடு வேதியியல் முறையிலும் பிணையும் பிசின்கள் இன்று உண்டு. எனினும் நிதானத்திற்கு மாற்று இல்லை.

அம்மையார் பஞ்சுருளைகளால் உமிழ்நீரைத் தடுத்தார். அமிலத்தை 15 நொடிக்கு மேல் டென்டினில் விடவில்லை. கழுவியபின் காற்றடித்து உலர்த்தாமல் பஞ்சால் ஒற்றினார். பிசினைத் தேய்த்து ஊறவிட்டு, மென்காற்றால் அதன் கரைப்பானை ஆவியாக்கிய பின்னரே நீல ஒளியைக் காட்டினார். "ஐயா, விலையுயர்ந்த பிசினைவிட இந்தச் சில நிமிடப் பொறுமைதான் முக்கியம்" என்றார். தாயாரிடமோ, "கரித்தூளை விட்டுவிடுங்கள் அம்மா. மென்மையான பிரஷால் மெல்லத் துலக்குங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

மூன்று ஆண்டுகள் கடந்தன. அப்பல் கூசவுமில்லை, அடைப்பு அசையவுமில்லை. கண்ணுக்குத் தெரியும் அடைப்பை நாம் பாராட்டுகிறோம். அதைத் தாங்கி நிற்பதோ, எவர் கண்ணிலும் படாத ஆயத்தம். வீட்டு முதியவரின் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று சொல்லுமுன், அதைக் காக்க வழியுண்டா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். உணவில் ருசி இருக்கும்வரை வாழ்விலும் அவர்களுக்கு ருசி இருக்கும்.