கோசோத் தீவில் பத்து நாட்கள்

"கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து ஓய்வெடுக்கப் போவதா? ஊரார் கேட்டால் சிரிக்கமாட்டார்களா?" என்று என் மகளைக் கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. மருமகன்தான், "அத்தை, பயணச்சீட்டு எடுத்தாயிற்று, நீங்களும் எங்களோடு வருகிறீர்கள்" என்று பணிவோடு சொல்லிப் பேச்சை முடித்தார்.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கம் அது. உரோமை நகரில் வாழும் என் மகளின் இரண்டாவது பேறுகாலத்திற்கு உதவியாகத் தூத்துக்குடியிலிருந்து சென்றிருந்தேன். மூத்தவனுக்கு இரண்டரை வயது. இளையவள் பிறந்து ஏழு வாரம். பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுதல் யாவற்றையும் முறைப்படி செய்தேன். ஆயினும் மகளின் முகத்தில் களை இல்லை. இரவில் பால் கொடுக்கும்போது ஓசையின்றி அழுதாள். "நான் மூன்று பிள்ளைகளை வளர்க்கவில்லையா? அழுதுகொண்டா இருந்தேன்?" என்று நான் கேட்ட நாளிலிருந்து என் எதிரில் அழுவதை நிறுத்திவிட்டாள். அவள் தேறிவிட்டாள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

உரோமையிலிருந்து மால்ட்டாவிற்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து கோசோ என்னும் சிறு தீவுக்குக் கப்பலில் இருபத்தைந்து நிமிடம். கப்பலில் ஏறும்போது எவரும் எங்களிடம் சீட்டுக் கேட்கவில்லை. "போகும்போது கட்டணம் இல்லை, திரும்பும்போதுதான் வாங்குவார்கள்" என்றார் மருமகன். இது என்ன வாணிபம் என்று வியந்தேன்.

கோசோ ஏறத்தாழ 14 கிலோ மீட்டர் நீளமும் 7 கிலோ மீட்டர் அகலமும் உள்ள தீவு. ஷாரா என்ற சிற்றூரில், தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய பண்ணைவீடு ஒன்றில் தங்கினோம். சுவர்கள் மிகத் தடித்தவை. வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே குளிர்ச்சி. மருமகன் பார்க்கவேண்டிய இடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வந்திருந்தார். இரண்டாம் நாளே அந்தத் தாளைப் பேரன் கப்பல் செய்வதற்குக் கொடுத்துவிட்டார்! கைக்குழந்தை பசித்தபோது பால் குடித்தது, நினைத்தபோது உறங்கியது. நாங்கள் அதன் கடிகாரப்படி நடந்தோம். காலையில் கடற்கரை, நண்பகலில் ஊரே கதவடைத்து உறங்கும், நாங்களும் உறங்குவோம், மாலையில் கோவில் முற்றம்.

பக்கத்து வீட்டு மூதாட்டி முதல் நாளே, என்னிடம் உத்தரவு கேளாமல் குழந்தையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டார். அவர் மொழி எனக்குத் தெரியாது. என்னை 'நன்னா' என்று அழைத்தார்; அவர்கள் மொழியில் பாட்டிக்கு அதுவே பெயராம். மறுநாள் முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளிப் பழங்களைத் தட்டு நிறையக் கொண்டுவந்தார். எங்கள் ஊர்த் தேரிக்காட்டில் சிறுவர்கள் பறித்துத் தின்று வாய் சிவந்து நிற்பது நினைவுக்கு வந்தது. கப்பலுடைந்து மால்ட்டாவில் கரையேறிய புனித சின்னப்பரையும் அவரோடிருந்தோரையும், மொத்தம் 276 பேரை, மழையிலும் குளிரிலும் தீ மூட்டி வரவேற்ற மக்களின் வழிவந்தவர் அல்லவா!

பேரனுக்கோ வேறு கவலை. "ஆச்சி, பாப்பாவைக் கப்பலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோமா?" என்று ஒருநாள் காதோடு கேட்டான். சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

ஊரின் எல்லையில் ஜிகந்தீயா என்னும் பழங்காலக் கற்கோவில்கள் உள்ளன. அவை 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. எகிப்தியப் பிரமிடுகளுக்கும் மூத்தவை. ஆள் உயரத்தை விஞ்சிய கற்களைக் கண்டு மலைத்து நின்றபோது, அவ்வூர்ப் பழங்கதையை மருமகன் கூறினார்: பயறும் தேனும் மட்டுமே உண்டு வாழ்ந்த ஓர் அரக்கி, தன் பிள்ளையைத் தோளில் தொங்கவிட்டபடியே இக்கற்களைச் சுமந்து கோவிலைக் கட்டினாளாம்.

"பார்த்தாயா, பிள்ளையோடு கோவிலே கட்டியிருக்கிறாள்!" என்றேன் மகளிடம்.

அவள் கல்லைத் தடவியபடி மெதுவாகச் சொன்னாள்: "அவள் அரக்கி, அம்மா. நான் அரக்கி இல்லை."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் மூன்று பிள்ளைகளை வளர்த்தது உண்மை. ஆனால் என் மாமியார் இருந்தார். நாத்தனார்கள் இருவர் இருந்தனர். அடுத்த வீட்டுப் பெண்கள் வேளைக்கொருவர் வந்து பிள்ளையைத் தூக்கிச் சென்றனர். அப்படியிருந்தும் அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்த நாட்கள் இல்லையா? இருந்தன. அவற்றை நான் மறந்துவிட்டேன். மறந்ததைப் பெருமையாகவும் பேசிவிட்டேன்.

விடிந்ததும் அவளிடம் அதை ஒப்புக்கொண்டேன். அவள் என் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதாள். இம்முறை நான் எதுவும் கேட்கவில்லை.

அன்று முதல் கடற்கரையில் இரு குழந்தைகளும் என் பொறுப்பு. ரம்லா கடற்கரையின் மணல் செம்பொன் நிறம். அதன் நடுவே மாதாவின் வெண்ணிறச் சொரூபம் நிற்கிறது. மகள் தனியே முழங்கால் அளவு நீரில் அரைமணி நேரம் நின்றாள். பிறகு பேரனை மட்டும் அழைத்துக்கொண்டு மணல்வீடு கட்டினாள். தாய் முழுதாகத் தன்னிடம் வந்த அந்த ஒரு மணி நேரம் அவனுக்குப் போதுமானதாயிருந்தது. வீடு திரும்புகையில், "பாப்பாவுக்கும் ஒரு வீடு கட்டினேன், ஆச்சி" என்றான்.

செப்டம்பர் 8-ஆம் நாள் ஷாரா ஊர்த் திருவிழா. தேவதாயின் பிறப்பையே அவ்வூர்க் கோவில் கொண்டாடுகிறது; குழந்தை என்ற பொருளில் 'பம்பினா' என்று அன்னையை அழைக்கின்றனர். வேளாங்கண்ணியில் இலட்சக்கணக்கானோர் கூடும் அதே நாளில், இங்கே மேளவாத்தியமும் மணியோசையும் தெருவை நிறைத்தன. வேட்டுச் சத்தத்திற்கு அஞ்சிக் கைக்குழந்தையோடு நான் வீட்டிலிருந்தேன். மகளும் மருமகனும் பேரனும் சுற்றுப்பிரகாரத்தைக் காணச் சென்றனர். திரும்பி வந்தவள், பிறந்த நாளன்று அன்னையின் தாய் அன்னம்மாளை நினைத்துக்கொண்டதாகச் சொல்லி என் கையைப் பற்றினாள்.

பத்து நாளில் எல்லாம் குணமாயிற்று என்று சொல்லமாட்டேன். உரோமை திரும்பியதும் மருத்துவரிடம் சென்றாள். பேறுகாலத்திற்குப் பின் பல தாய்மாருக்கு இச்சோர்வு வருவதுண்டு, இது மருத்துவம் பெறவேண்டிய நோய் என்று அவர் விளக்கினார். இம்முறை அவளோடு நானும் சென்றிருந்தேன்.

என்னைப் போன்ற பாட்டிமாரே, "நாங்கள் வளர்க்கவில்லையா?" என்று கேட்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ போய்ச் சற்று உறங்கு" என்று சொல்லிப் பாருங்கள்.

திரும்பும் துறைமுகத்தில் கட்டணம் செலுத்தினோம். பேரன் எங்கள் தலைகளை விரல்விட்டு எண்ணினான். கடைசியாக என் மடியிலிருந்த தங்கையைத் தொட்டு, "பாப்பாவும் நம்மோடுதான் வருகிறாள்" என்று எல்லாரும் கேட்க அறிவித்தான்.