குரல் ஒருத்தி, கோலம் ஒருத்தி

பழவேற்காடு ஏரிக்கரையில் மீனவச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் நாம் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டு அது. கலைவிழாவுக்கு 'மணிமேகலை' நாடகம். அமுதசுரபியை ஏந்தி, பசித்தவர் யாராயினும் சாதி கேளாது சோறிடும் மங்கையின் கதை. சீர்திருத்த நாடகந்தான்! நடத்தியவர் யார்? சீர்திருத்தம் பேசுவதில் எவருக்கும் இளைக்காத நாமேதான். எனினும் அந்த மேடையில் நாம் செய்த காரியத்தை இன்று எண்ணினாலும் தலை தாழ்கிறது.

வகுப்பிலே ஒரு மாணவி. பாடம் படிக்கச் சொன்னால் கடைசி வரிசை வரை கணீரென்று கேட்கும். ழகரம் வழுக்காது, உணர்ச்சி பிசகாது. இருளர் குடியிருப்பிலிருந்து வருபவள். அவள் தாய் கழுத்தளவு நீரில் அமர்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போட்டு வைக்கும் பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பார். கரையேறும் வரை பேச வழியில்லை. ஏரியிலே 'பாடு' என்றொரு முறை உண்டு. இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் வலை கட்டலாம் என்னும் பரம்பரைப் பங்கு. அந்தப் பங்கில் இவர்களுக்கு இடமில்லை.

அந்தத் தாயின் மகளுக்குத்தான் மணிமேகலை வேடம் தந்திருக்க வேண்டும். தந்தோமா? இல்லை! மேடைக்கு 'எடுப்பாக' இருக்க வேண்டுமென்று, 'சிவப்பாக' இருந்த வேறொரு மாணவியைத் தேடிப் பிடித்தோம். அவளுக்கோ வசனம் நிற்கவில்லை. அதற்கும் வழி கண்டோம். கறுத்தவளைத் திரைக்குப் பின்னே ஒலிவாங்கியின் முன் நிறுத்தினோம். சிவந்தவளை முன்னே நிறுத்தி வாயசைக்கச் சொன்னோம். பேசியவள் ஒருத்தி, பேர் பெற்றவள் ஒருத்தி. பரிசாகத் தந்த எவர்சில்வர் குவளையும் முன்னால் நின்றவளுக்கே போயிற்று. பேசியது யார் என்று அவையில் எவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

எங்கே கற்றோம் இந்த வித்தையை? வேறெங்கே, வெள்ளித்திரையில்தான்!

கண்ணூர்க் குடும்பத்தில் பிறந்த சிறுமி ஸ்ரீஜா. 1975இல் வெளிவந்த 'உத்சவம்' என்னும் மலையாளப் படத்தில் ஒரு குழந்தைக்குக் குரல் கொடுத்துத் தொழிலைத் தொடங்கினார். குழந்தைக்குப் பேசிய அந்தக் குரல் வளர்ந்து கதாநாயகிகளின் குரலாயிற்று. 1997இல் 'அனியத்திப்பிராவு' படத்தில் ஷாலினி பேசியதாக மலையாள நாடு மகிழ்ந்து கேட்டது இந்த ஸ்ரீஜா ரவியின் குரலையே. கேரள அரசின் விருது அவரைப் பலமுறை தேடி வந்தது. அவர் மகள் ரவீனாவும் தாயைப் போலவே குழந்தைப் பருவத்திலேயே ஒலிவாங்கியின் முன் நின்றவர். பின்னர் தமிழ்ப்பட நாயகிகளின் குரலானவர்.

எளிய வேலையென்று எண்ணிவிடாதீர், தோழர்களே! பகரமும் மகரமும் இதழ் இரண்டும் பொருந்தினாலன்றிப் பிறவா என்று இலக்கண வகுப்பில் படித்து, தேர்வெழுதி, மறந்தும் விட்டோம். குரல் கலைஞருக்கோ அது அன்றாடப் பிழைப்பு. திரையில் இதழ் மூடும் நொடியில் இவர் சொல்லிலும் இதழ் மூட வேண்டும். தமிழ் அறியாத நடிகை எப்படியோ வாயசைத்திருப்பார். அந்த அசைவுக்குள் தமிழைப் புகுத்த வேண்டும், அழ வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். இருட்டறையில் தனியே நின்று, இல்லாத காதலனோடு பேச வேண்டும். அந்நாளில் படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒருவர் தவறினால் அத்தனை பேரும் மீண்டும் முதலிலிருந்து!

2015இல் வந்த 'ஐ' படத்தில் ஆங்கில நாட்டிலிருந்து வந்த எமி ஜாக்சனுக்குத் தமிழ் பேசியவர் இந்த ரவீனா. 'இருவர்' படத்திலும் 'இராவணன்' படத்திலும் ஐஸ்வர்யா ராய்க்குப் பேசியவர், தாமும் குழந்தை நட்சத்திரமாகவே திரைக்கு வந்த ரோகிணி. நிறம் கடல் கடந்தும் வரும், வடக்கிலிருந்தும் வரும். குரல் மட்டும் இங்கே பிறக்க வேண்டும். தமிழ்ப்பெண்ணின் தமிழ் இனிக்கிறது, அவள் நிறம் மட்டும் கசக்கிறது! திராவிடம் பேசும் மண்ணில், நமது கறுப்பை நாமே திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் விந்தையை என்னென்பது?

தமிழ்நாட்டரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கு இடமுண்டு. தேசிய விருதுப் பட்டியலிலோ பாடுகின்ற பின்னணிக் குரலுக்கு இடமிருக்கிறது, பேசுகின்ற குரலுக்கு இல்லை.

பிறருக்குக் குரலளித்த ரவீனா பிறகு தம் முகத்தோடும் திரைக்கு வந்தார். 2022இல் 'லவ் டுடே'. அடுத்த ஆண்டு 'மாமன்னன்'. அதில் சாதிவெறி தலைக்கேறிய ஒருவனின் மனைவி வேடம். அந்தப் பாத்திரத்துக்கு வசனமே இல்லை! எத்தனையோ நாயகியரைப் பேசவைத்தவர், அந்த வீட்டில் வாய் திறவாமல் கண்ணாலேயே நடித்தார். கொட்டகையில் அருகிருந்தோர் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தனர். நமக்கோ அந்த மௌனத்தில் பறியைக் கடித்துக்கொண்டு நீரில் அமர்ந்திருக்கும் தாயும், திரைக்குப் பின்னே நின்ற மகளும் தெரிந்தனர்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்த மாணவியை அழைத்தோம். "இந்த ஆண்டும் நாடகம் இருக்கிறது. நீதான் மணிமேகலை" என்றோம்.

"முன்னாலயா, பின்னாலயா டீச்சர்?" என்றாள்.

"முன்னால்தான்."

அவள் மகிழ்ந்து குதிப்பாள் என்று எதிர்பார்த்தோம். சற்று நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப, எனக்குப் பின்னால யாரு டீச்சர் பேசுவாங்க?"