“ஏன்க்கா, பைலட்டுக்குப் படிக்க எவ்ளோ ஆவும்?” - ஒரு குட்டி விமானக் கணக்கு!

கச்சிராயபாளையத்தில் இருக்கும் என் சித்தி மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மார்க். இன்ஜினீயரிங், நர்சிங் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்கு போன் போட்டுக் கேட்டாள்: “ஏன்க்கா, பைலட்டுக்குப் படிக்க எவ்ளோ ஆவும்?”

கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்து ஊர் அது. சித்தப்பாவுக்கு மரவள்ளி போட்ட கொஞ்சம் காடு, நாலு ஆடு. சேகோ மில்லில் கிழங்குக்கு எத்தனை பாயின்ட் போடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்த வருஷத்துத் தீபாவளியே முடிவாகும். அந்த வீட்டிலிருந்து வந்த கேள்விக்கு, ‘ரொம்ப செலவாகும்டி’ என்று ஒற்றை வரியில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பயணிகள் விமானம் ஓட்டும் வேலைக்குப் போக, சி.பி.எல் என்கிற வணிக விமானி உரிமம் வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வுகள், மருத்துவப் பரிசோதனைகள் எல்லாம் தாண்டி, 200 மணி நேரம் வானில் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்துக்கு நீங்களே பொறுப்பு. இரவில் இறக்கி ஏற்றவும் பழகியிருக்க வேண்டும். மொத்தச் செலவு பொதுவாக அரைக் கோடியைத் தொட்டுவிடுகிறது.

அந்த 200-தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பறக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. பெட்ரோல், இன்ஜின் தேய்மானம், இன்ஷூரன்ஸ், சொல்லிக்கொடுப்பவரின் சம்பளம், இவற்றுக்கெல்லாம் மேலே விமானத்தின் விலை. நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் நிற்கும் விமானங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் செஸ்னா, ஆஸ்திரியாவின் டயமண்ட், இத்தாலியின் டெக்னாம். ஒரு போல்ட் போனாலும் டாலரிலோ யூரோவிலோதான் வாங்க வேண்டும். அந்தக் கணக்கெல்லாம் கடைசியில் மாணவரின் தலையில்தான் விழும்.

அப்போதுதான் ஹன்சாவைப் பற்றித் தேடிப் படித்தேன். பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்) உருவாக்கிய இரண்டு சீட் பயிற்சி விமானம். புதுசு ஒன்றும் இல்லை. முதல் வடிவங்கள் 1990-களிலேயே பறந்துவிட்டன. ஹன்சா-3-க்கு 2000-ம் ஆண்டில் சான்றிதழும் கிடைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி-யில்கூட ஒன்று இருக்கிறது. ஆனால், கட்டியது மொத்தமே 14 விமானங்கள்தான். ஆய்வகம் என்பது ஃபேக்டரி இல்லையே! கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களிடம் வருஷத்துக்கு நூறு செய்து கொடுக்கச் சொன்னால் எப்படி? செய்து விற்க ஒரு கம்பெனி உறுதியாக நின்றிருந்தால், இன்று என் தங்கையின் கணக்கே வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அதன் புது வடிவம் ஹன்சா-என்.ஜி. 2021 செப்டம்பர் 3-ம் தேதி பெங்களூரில் முதல்முறையாகப் பறந்தது. உடல் முழுக்க எடை குறைந்த கலப்பு இழைப் பொருள். கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, ரெசின் தடவி, அடுக்கடுக்காகச் செய்வார்கள். (அச்சு என்றதும் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கள்ளக்குறிச்சி மரச் சிற்பக்காரர்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் கையில் கொடுத்தால் றெக்கையில் யாளி செதுக்கிவிடுவார்கள்!) பழைய முள் மீட்டர்களுக்குப் பதில் டிஜிட்டல் திரை, ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் இன்ஜின். காரில் போடும் பெட்ரோலிலேயே ஓடக்கூடிய வகை இன்ஜின் அது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம்.

உலகத்தில் இந்த அளவு குட்டி விமானங்களை ‘லைட் ஸ்போர்ட்’ என்பார்கள். அமெரிக்கா 2004-ல் கொண்டுவந்த விதிப்படி, ஆட்கள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 600 கிலோதான் உச்ச எடையாக இருந்தது. ஹன்சா அதைவிடக் கொஞ்சம் கனம். ‘மிக இலகு விமானம்’ என்ற இன்னொரு பிரிவில் வருகிறது. அதன் வரம்பு 750 கிலோ. எடை குறைந்தால் சின்ன இன்ஜின் போதும், சின்ன இன்ஜினுக்குப் பெட்ரோலும் குறைவு. லட்சங்கள் மிச்சமாவது அங்கேதான்.

கடல் மட்டத்தில் எப்படிப் பறக்கிறது என்று பார்க்க, 2022 பிப்ரவரி 19-ம் தேதி இதைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூரிலிருந்து 140 கடல் மைல், ஒன்றரை மணி நேரம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நேர்க்கோடு ஜவ்வாது மலைப் பக்கம்தான் போகிறது, கல்வராயனைத் தொடவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்!

அந்த மே மாதம் நடந்த சோதனைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கர்நாடகாவின் சல்லகெரேயில், 7,000 அடிக்கு மேலே இன்ஜினை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, வானத்திலேயே மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளையைத் தனியாக மேலே அனுப்பப்போகிற பெற்றோருக்கு, டிஜிட்டல் திரையைவிட இதுதானே தெரிய வேண்டும்?

2025-ல் பயனியர் க்ளீன் ஆம்ப்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குத் தயாரிப்புத் தொழில்நுட்பம் கைமாறியது. ஆந்திராவின் குப்பத்தில் ஆண்டுக்கு 100 விமானங்கள் வரை செய்யும் தொழிற்சாலை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். இதையே மின்சாரத்தில் ஓட்டும் இ-ஹன்சாவும் திட்டத்தில் இருக்கிறது. அதன் விலை சுமார் 2 கோடி, வெளிநாட்டு விமானத்தில் பாதிதான் என்கிறார் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங். நல்ல செய்திதான். ஆனால், டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் அறிவிப்புகளைச் செய்தியாக்கும் வேலை என்னுடையது. பள்ளிகளின் ஓடுதளத்தில் வரிசையாக நிற்கும்போதுதான் இதை நான் முழுசாக நம்புவேன்.

ஓடுதளம் என்றதும் இன்னொன்று. எங்கள் மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் உளுந்தூர்பேட்டையில் போட்டது. மலைக்கு மேற்கே சேலம் விமான நிலையமும், பயிற்சிப் பள்ளிகளுக்காக 2022-ல் தேர்வான இடங்களின் பட்டியலில் இருந்தது. தூரம் பிரச்னை இல்லை, பணம்தான் பிரச்னை.

தங்கையிடம் எதையும் மறைக்கவில்லை. விமானம் மலிவானாலும் 200 மணி நேரம் குறையாது. உரிமம் வாங்கிய பிறகு ஏர்பஸ் போன்ற பெரிய விமானத்துக்குத் தனிப் பயிற்சி, அதற்குத் தனிப் பணம். உரிமம் இருந்தும் வேலைக்குக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் பயிற்சி அகாடமிக்கு நுழைவுத் தேர்வு உண்டு, அதை எழுதிப் பார் என்றேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, “அந்தக் குப்பம் நம்ம கிருஷ்ணகிரி தாண்டித்தானம்மா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்போ செய்யறவங்க பக்கத்துலதான் இருக்காங்க. மொதல்ல என்ன செய்யணும், அதச் சொல்லு.”

முதலில் மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை, நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். லட்சங்களைக் கட்டிய பிறகு அங்கே தடுக்கி விழக் கூடாது. பரீட்சை முடிந்ததும் அவளைச் சென்னைக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.