ஐந்தாம் ஆண்டில் தெரியும் கைப்பக்குவம்

பாஸ்டன் நகர அரசுப் பள்ளிகள் சிலவற்றில் ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்களைப் பார்க்கலாம். ஒருவர் வகுப்புக்கு உரிய அனுபவசாலி. மற்றவர் ‘ரெசிடென்ட்’ எனப்படும் பயிற்சி ஆசிரியர். மருத்துவம் படித்தவர்கள் மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்த ‘ரெசிடென்சி’ திட்டம் இது. சிகாகோவில் 2001இலும் பாஸ்டனில் 2003இலும் தொடங்கியது. பாஸ்டன் திட்டத்தில் சேர்பவர் ஒரு கல்வியாண்டு முழுக்க வாரத்தில் நான்கு நாள் வழிகாட்டி ஆசிரியரோடு வகுப்பில் இருப்பார். எஞ்சிய நேரத்தில் முதுகலைப் பட்டத்துக்குப் படிப்பார். உதவித்தொகை கிடைக்கும். பதிலுக்கு, பட்டம் பெற்றபின் அந்நகரப் பள்ளிகளில் மூன்றாண்டுகள் பணியாற்ற வேண்டும்.

ஓராண்டு பக்கத்தில் நின்றால் மட்டும் தொழில் வந்துவிடாது. கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது, கை தூக்காத எந்த மாணவியை அழைப்பது, பின்வரிசைச் சலசலப்பில் எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று நல்ல ஆசிரியர் நிமிடத்துக்கு நிமிடம் முடிவெடுக்கிறார். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த முடிவுகள் படுவதில்லை. வகுப்பு தானாக நடப்பதுபோலத்தான் தெரியும். ஆகவே வழிகாட்டிக்கு இரண்டாவது தொழில் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும்: தன் கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவருவது. பயிற்சி ஆசிரியர் முதலில் நான்கைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தருவார், பிறகு பாடத்தின் ஒரு பகுதியை எடுப்பார், ஆண்டிறுதியை நெருங்கும்போது முழு வகுப்பையும் நடத்துவார். ஒவ்வொரு படியிலும் பாடம் முடிந்தபின் நடக்கும் உரையாடலில்தான், ஏன் அப்படிச் செய்தோம் என்ற காரணம் கைமாறுகிறது. அந்தப் பேச்சு இல்லையென்றால் ரெசிடென்சி என்பது நீண்ட வேடிக்கை பார்த்தலாகவே முடியும்.

இவ்வளவு செய்தும் முதலாண்டில் பலன் தெரிகிறதா என்றால், இல்லை. ஜான் பாப்பே, தாமஸ் கேன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பூசிமெழுகாமல் சொல்கிறது. பாஸ்டன் திட்டத்தில் பயின்றவர்கள், கணிதத்தில் மாணவர் மதிப்பெண்ணை உயர்த்துவதில் மற்றப் புது ஆசிரியர்களைவிடத் தொடக்கத்தில் பின்தங்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் கணிதத்தில் வேகமாக முன்னேறி, நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் மூத்த ஆசிரியர்களையே முந்தினார்கள். ஐந்தாம் ஆண்டிலும் அந்நகரப் பள்ளிகளில் நீடித்தவர்கள் இவர்களில் 75 சதவீதம். அதே காலத்தில் சேர்ந்த மற்றவர்களில் 51 சதவீதம். இதை வைத்து நான் வந்துசேரும் முடிவு இதுதான்: ரெசிடென்சி தேர்ந்த ஆசிரியரை உருவாக்கி அனுப்புவதில்லை; தேர்ச்சி பெறும்வரை தாக்குப்பிடிக்கும் ஆசிரியரை உருவாக்குகிறது.

ஒப்பந்தம் கட்டிப்போட்டதால்தானே நீடித்தார்கள் என்று கேட்கலாம். ஒப்பந்தம் மூன்றாண்டோடு தீர்ந்துவிடுகிறது. இடைவெளியோ ஐந்தாம் ஆண்டிலும் இருக்கிறது. நீடிக்கும் மனமுள்ளவர்கள்தான் இதில் சேர்கிறார்கள் என்பது வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கவே செய்யும். ஆய்வுக்கு உட்பட்ட ஆசிரியர் எண்ணிக்கையும் சிறியது. ஆனால் அத்தகையவர்களை இனங்கண்டு ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கொண்டுவருவதும் திட்டத்தின் வேலைதான். வழிகாட்டியின் பழைய பழக்கங்களும் சேர்ந்தே தொற்றிக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் தனியாக வகுப்பில் விடப்பட்ட புதியவரும் வெறுங்கையோடு நிற்பதில்லை. சிறுவயதில் தனக்குப் பாடம் எடுத்தவர்களைத்தான் போலச்செய்கிறார். காரணம் கேட்டுக் கற்றவருக்கு, அந்தக் காரணத்தை மறுக்கவும் வழி இருக்கிறது.

மிஞ்சுவது செலவு. சில வாரக் கோடைப் பயிற்சியோடு ஆளை வகுப்புக்கு அனுப்பும் திட்டங்களோடு ஒப்பிட்டால், ஓராண்டு உதவித்தொகையும் வழிகாட்டிக்கான ஊதியமும் பெரிய தொகைதான். ஆனால் ஒருவர் விலகும்போதெல்லாம் இன்னொருவரைத் தேடிப் பிடித்துப் பழக்கும் செலவை நகரம் எப்படியும் கொடுக்கிறது. அதைவிடப் பெரிய செலவு பிள்ளைகளுடையது: ஆண்டுதோறும் கற்றுக்குட்டி ஆசிரியரிடமே படிக்க நேர்வது அவர்களுக்குத்தான். ஆகவே இத்திட்டங்களை முதலாண்டு மதிப்பெண்ணால் அளந்து நிதியை வெட்டுவது தவறு. ஐந்தாண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். வழிகாட்டும் நேரத்தையும் முறையான வேலையாக மதித்து ஊதியம் தர வேண்டும்.