எங்கள் வீட்டு வடகம்

சித்திரை பிறந்து கத்திரி வெயிலும் தொடங்கப் போகிறது. புதுச்சேரியில் நம் வயதுக்காரர்களுக்கு இந்த வெயில் என்றால் ஒரு வாசனை நினைவுக்கு வரும். மாடியில் காயும் தாளிப்பு வடகத்தின் வாசனை. சில வீடுகளில் வடவம் என்பார்கள். இதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'வதுவான்' என்று பெயர் வைத்து டப்பாவில் விற்கிறார்கள்.

நான் படித்தது முழுக்க பிரெஞ்சு மொழியில். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பதினோரு வயது. கொடி மாறி எட்டு வருடம் ஆகியும் எங்கள் வகுப்பில் முசே வந்தால் எழுந்து நின்று 'போன்ழூர்' சொல்வதுதான் வழக்கம். தமிழ் பேசுவேனே தவிர, எழுதுவதில் தடுமாற்றம். அரசு வேலைக்கு வந்த பிறகுதான், கோப்புகளைப் பார்த்துப் பார்த்து ஒழுங்காக எழுதப் பழகினேன்.

இதைச் சொல்லக் காரணம் ஒரு நோட்டு. 1979-ல் என் தங்கை கல்யாணமாகி பிரான்சுக்குப் புறப்பட்டாள். மாப்பிள்ளை சொல்தா குடும்பம். "அங்க போய் என்னத்தைத் தின்னும் இந்தப் பொண்ணு" என்று அம்மாவுக்கு ஒரே கவலை. "தம்பி, நான் சொல்றேன், நீ எழுதிக் கொடு" என்றார். பள்ளியில் முசே சொல்லச் சொல்ல 'திக்தே' எழுதியதுபோல, அம்மா தமிழில் சொல்ல நான் பிரெஞ்சில் எழுதினேன். அதுதான் எனக்கு வேகமாக வந்தது. ஒரு பிரதி தங்கைக்கு, ஒன்று வீட்டுக்கு. வீட்டுப் பிரதியை என் மனைவியிடம் கொடுத்தபோது அவள் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இதை யாருக்குங்க எழுதினீங்க? எனக்குப் படிக்கத் தெரியாது, அத்தைக்கும் தெரியாது." நோட்டு பரணுக்குப் போனது. அவள் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டாள். 1991-ல் அம்மா போன பிறகும் ஒரு வருடம்கூட வடகம் தவறவில்லை.

பின்னாளில் அவளுக்கு முழங்கால் வலி. தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவாள். நான் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டே, "எதுக்கு இந்தக் கஷ்டம், கடையிலதான் கிடைக்குதே" என்றேன். "வாங்கிட்டு வாங்க" என்றாள். வாங்கி வந்தேன். அதைப் போட்டுத் தாளித்து மீன் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கை கழுவினேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய் ஒரு தட்டையாவது நான் தூக்கியிருக்கலாம். அது அன்று தோன்றவில்லை.

மூன்று வருடம் முன்பு, தை மாதத்தில் அவள் போய்விட்டாள். ஜாடியில் அவள் கையால் பிடித்த உருண்டைகள் மீதி இருந்தன. மருமகள் சிக்கனமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டாள். ஒன்றரை வருடத்தில் அதுவும் தீர்ந்தது. அடுத்த சித்திரையில் பரணில் ஏறச் சொல்லி அந்த நோட்டை எடுத்தேன். மருமகள் வேலைக்குப் போகிறவள். நான்தானே வீட்டில் சும்மா இருக்கிறேன்.

நோட்டில் அளவெல்லாம் சுத்தமாக இருந்தது. சின்ன வெங்காயம் இரண்டு கிலோ, பூண்டு கால் கிலோ, கறுப்பு உளுந்து இருநூறு கிராம், கடுகும் சீரகமும் நூறு நூறு, வெந்தயம் ஐம்பது, மஞ்சள் தூள், கல் உப்பு, கறிவேப்பிலை, கடைசியில் விளக்கெண்ணெய். பெரிய மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கி, கண்ணீர் விட்டு உரித்து, ஒன்றிரண்டாக இடித்து, எல்லாம் கலந்து ஒரு பானையில் மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் நிறையத் தண்ணீர் விட்டிருந்தது. அதை வடித்துக் கொட்டிவிட்டு, உருண்டை பிடித்துக் காயவைத்தேன். 'பத்து நாள் காயவைக்கவும்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பத்து நாள் காய்ந்தது. எண்ணெயில் போட்டால் வாசனையே இல்லை. வெறும் கருகல்.

தங்கைக்குப் போன் போட்டேன். "அண்ணே, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டீங்களா? எல்லாமே அதுலதானே இருக்கு!" என்று கத்தினாள். பகலில் காய்ந்த உருண்டைகளைச் சாயங்காலம் அந்தச் சாற்றிலேயே உதிர்த்துப் போட்டுப் பிசைந்து மூடிவைக்க வேண்டுமாம். மறுநாள் பிழிந்து மறுபடி வெயில். சாறு முழுதும் வற்றி உள்ளே இறங்கும்வரை இப்படியே. பிறகு விளக்கெண்ணெய் தொட்டு இறுக்கி உருட்டி, கல்லுப்போல் ஆகும்வரை காயவைப்பது.

"நோட்டுல இல்லையே" என்றேன்.

"அதையெல்லாம் அம்மா எதுக்கு சொல்லப் போகுது? தினம் ராத்திரி வீட்டுல நடக்கிறதுதானே. நீங்க பார்த்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. அம்மா காலத்திலும் இல்லை, மனைவி காலத்திலும் இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான் ரேடியோ, பிறகு டிவி என்று உட்கார்ந்துவிடுவேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் தெரியும்.

சென்ற வருடம் மறுபடி செய்தேன். ஒன்பது இரவு பிசைந்தேன். எழுபது வயதுக்கு மேல் தோள் வலித்தது. ஐந்தாம் நாள் பாங்கில் பாஸ்புக் நீட்டியபோது கவுண்டரில் இருந்த பெண் என் நகங்களையே பார்த்தாள். எல்லாம் மஞ்சள். சோப்புப் போட்டாலும் போகவில்லை. என் மனைவியின் நகங்கள் ஒவ்வொரு கோடையிலும் இப்படித்தான் இருக்கும். ஏன் என்று நாற்பது வருடத்தில் நான் ஒருமுறை கேட்டதில்லை.

வடகம் நன்றாக வந்தது. அவள் செய்ததுபோல என்று பொய் சொல்ல மாட்டேன், வெந்தயம் கொஞ்சம் தூக்கல். முதல் குழம்பு அன்று மகன் ஒன்றும் பேசாமல் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான். பேத்தி மட்டும், "தாத்தா, ஆயா வெக்கிற குழம்பு" என்றாள்.

இந்த வருடம் வெங்காயத்துக்குச் சொல்லிவைத்துவிட்டேன். பேத்தியும் கூட உட்காரப் போகிறாளாம். புது நோட்டு ஒன்று வாங்கித் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். சாற்றைக் கொட்டாதே என்பதுதான் அதில் முதல் வரி.