மும்ப்சிமுஸ் சுவாமியார்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் இளையோருக்குக் கீழ்ப்படிதலைப் பற்றி மறையுரை ஆற்றினேன். 'டோ த லைன்' என்னும் ஆங்கில மரபுத்தொடரை எடுத்துக்கொண்டு, "கரைவலைக் கயிற்றைப் பலரும் ஒன்றாய்ச் சேர்ந்து இழுப்பதுபோல், திருச்சபையின் கயிற்றை நாமும் சேர்ந்து இழுப்பதே கீழ்ப்படிதல்" என்று விளக்கினேன். கடலோர மக்களுக்கு ஏற்ற உவமை என்ற பெருமிதமும் உள்ளூர இருந்தது.

திருப்பலி முடிந்ததும், கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி திருப்பண்ட அறை வாயிலில் வந்து நின்றாள். "ஃபாதர், அது கயிறு இல்லை, கோடு. இழுப்பதும் இல்லை, கால்விரல்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "குருமடத்து நாள் முதல் முப்பது ஆண்டுகளாக இப்படித்தான் சொல்லி வருகிறேன், அம்மா" என்றேன். "சரிங்க ஃபாதர்" என்று தலைகவிழ்ந்து போய்விட்டாள்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். அவள் சொன்னதே சரி. 'டோ' என்னும் ஒரே ஓசை ஆங்கிலத்தில் கால்விரலையும் குறிக்கும். கயிறு கட்டி இழுத்தலையும் குறிக்கும். வேறுபாடு எழுத்தில்தான். 'லைன்' என்பதோ கோடும் ஆகும், கயிறும் ஆகும். ஆகவே ஆங்கிலேயரே அடிக்கடி பிழைபட எழுதுகின்றனர். ஓட்டப் பந்தயத்தில் தொடக்கக் கோட்டைக் கால்விரல் தொட நிற்பதே இதன் மூலப்பொருள். அதிலிருந்து, விதித்த நெறிக்கு முற்றும் கட்டுப்படுதல் என்னும் பொருள் கிளைத்தது.

அகராதியை மூடியபோது, குருமடத்தில் திருச்சபை வரலாறு கற்பித்த பேராசிரியர் சொன்ன கதையொன்று நெஞ்சைத் தைத்தது. பழைய இலத்தீன் திருப்பலியில், நற்கருணை உட்கொண்டபின் குரு சொல்லும் மன்றாட்டில் 'சும்ப்சிமுஸ்' என்றொரு சொல் வரும். 'உட்கொண்டோம்' என்பது அதன் பொருள். ஒரு குருவானவர் அதை 'மும்ப்சிமுஸ்' என்றே சொல்லி வந்தாராம். இலத்தீனில் அப்படியொரு சொல்லே கிடையாது. பிழையை எடுத்துக்காட்டியபோதும், இத்தனை ஆண்டுகள் சொல்லிப் பழகியதைவிட மாட்டேன் என்று மறுத்துவிட்டாராம்.

1516-ஆம் ஆண்டில் எராஸ்முஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். அதை எதிர்த்தவர்களை எண்ணி, அவ்வாண்டிலேயே ஒரு கடிதத்தில் இக்கதையை எழுதினார். மறு ஆண்டு ரிச்சர்டு பேஸ் என்னும் ஆங்கிலேயர் தம் நூலில் இதைக் குறிப்பிட்டபோது, அக்குரு முப்பது ஆண்டுகள் அவ்வாறு சொல்லி வந்ததாக எழுதினார். முப்பது ஆண்டுகள்! என் வாயிலிருந்து வந்த அதே கணக்கு. பிழையென்று தெரிந்தும் பிடிவாதமாய்ப் பற்றிக்கொள்பவரை ஆங்கிலத்தில் 'மும்ப்சிமுஸ்' என்றே அழைக்கலாயினர்.

1545-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நாள், எட்டாம் ஹென்றி மன்னர் பாராளுமன்றத்தில் பேசுகையில், சிலர் பழைய மும்ப்சிமுஸில் விறைத்து நிற்கின்றனர், சிலர் புதிய சும்ப்சிமுஸில் மிகையாய்த் துடிக்கின்றனர் என்று கடிந்து, அன்பைப் பேண அறிவுறுத்தினார். புனித தாமஸ் மூரையும் புனித ஜான் ஃபிஷரையும் 1535-இல் கொல்வித்த மன்னர் அன்பைப் பற்றிப் பேசினார் என்பது வரலாற்றின் விந்தை. ஆயினும் சொன்ன சொல் பொய்யன்று. பழமை என்பதால் பிழை மெய்யாகிவிடாது. சரியான சொல்லை வைத்திருப்பதால் பிறரைப் புண்படுத்தும் உரிமையும் வந்துவிடாது. அப்பெண் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளவில்லை. தனியே வந்து, மெல்லச் சொன்னாள். விறைத்து நின்றவன் நானே.

மறு ஞாயிறு வாசகம் வாசிக்கும் முறை அவளுடையது. அவள் வரவில்லை. அன்று மாலையே அவள் இல்லம் சென்று, பெற்றோர் முன்னிலையில், "நீ சொன்னதே சரி, அம்மா. நான் சொன்ன பதில்தான் தவறு" என்றேன். அடுத்த ஞாயிறு அவள் வாசித்தாள். நான் பீடத்திலிருந்தே என் பிழையைத் திருத்தினேன்.

புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் தம்மைப் பந்தய ஓட்டக்காரராகக் காண்கிறார். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது, முப்பது ஆண்டு குருவின் கால்விரல் நேற்று உறுதிப்பூசுதல் பெற்ற பிள்ளையின் கால்விரலுக்கு முந்தி இருக்க இயலாது. கீழ்ப்படிதலுக்கு என் கயிற்றைவிட அந்தக் கோடே தகுந்த உவமை என்று இப்போது உணர்கிறேன்.